திறமூலத் திட்டத்தின் இணையதளத்தை மறுவடிவமைப்பது எப்படி

ஒரு திறமூல மென்பொருள் திட்டத்தின் இணையதளத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் "தளம் பழையதாகத் தெரிகிறது" என்ற குறையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கினால் நிறமும் எழுத்துருவும் மாறும். வருபவர் தேடும் பொருளோ முன்பு இருந்த இடத்திலும் இல்லாமல் போய்விடும். மென்பொருளின் ஒரு பதிப்பை எந்த ஒழுங்கோடு வெளியிடுகிறோமோ, அதே ஒழுங்கோடு தளத்தின் மறுவடிவமைப்பையும் நடத்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. குறைகளை முதலில் பதிவு செய்வது, முடிவுகளை வெளிப்படையாக எடுப்பது, பழைய பயனர்கள் நம்பியிருக்கும் எதையும் உடைக்காமல் காப்பது, வெளியிட்ட பிறகும் பொறுப்பில் இருப்பது ஆகிய நான்கும் நிரலுக்குப் பொருந்துவதைப் போலவே தளத்துக்கும் பொருந்தும்.

குறைகளைப் பதிவு செய்தல்

வடிவமைப்புக் கருவியைத் திறப்பதற்கு முன், ஒரே பக்கத்தில் அடங்கும் ஆவணம் ஒன்றைத் தயாரியுங்கள். "நவீனமாக இல்லை" என்பது போன்ற வரிகளுக்கு அதில் இடம் கொடுக்க வேண்டாம். "விண்டோஸில் நிறுவும் முறை மூன்று பக்கங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது", "பாதுகாப்புக் குறையை யாரிடம் தெரிவிப்பது என்று எங்குமே இல்லை", "கைபேசியில் மெனுவின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது" என்பன போன்ற, சரிபார்க்கக்கூடிய குறைகளே அதில் இருக்க வேண்டும்.

இவற்றைக் கண்டறிய ஊகம் தேவையில்லை. திட்டத்தின் வழுப்பதிவுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒவ்வொன்றும் தளம் பதில் சொல்லத் தவறிய ஓர் இடத்தைக் காட்டுகிறது. சர்வரின் அணுகல் பதிவுகளைப் புரட்டினால், எந்தப் பக்கங்களுக்கு மக்கள் உண்மையில் வருகிறார்கள், எந்த முகவரிகளைத் தேடி வந்து 404 (பக்கம் இல்லை) பிழையோடு திரும்புகிறார்கள் என்பது தெரியும். பார்வையாளர்களைப் பின்தொடரும் கருவி எதையும் புதிதாகச் சேர்க்காமலேயே இந்தத் தகவல் கிடைக்கிறது என்பதால், தனியுரிமையை மதிக்கும் திட்டங்களுக்கு இதுவே பொருத்தமான தொடக்கம்.

இவற்றைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. உங்கள் மென்பொருளை இதுவரை பயன்படுத்தாத நான்கைந்து பேரை அழைத்து, தளத்தை மட்டும் துணையாகக் கொண்டு மென்பொருளை நிறுவி, ஒரு சிறிய வேலையைச் செய்து முடிக்கும்படி கேளுங்கள். அவர்கள் திணறும்போது குறுக்கிடாதீர்கள், விளக்காதீர்கள். எங்கே நிற்கிறார்கள், எதைத் தவறாகச் சொடுக்குகிறார்கள், எந்தச் சொல்லைப் படித்துக் குழம்புகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகத் திட்டத்தில் இருக்கும் பராமரிப்பாளர்களுக்குத் தளத்தின் குழப்பம் கண்ணில் படுவதே இல்லை. எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

யார் முடிவெடுப்பது

இந்த ஆவணத்தைத் திட்டத்தின் களஞ்சியத்தில் (நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்துவைக்கும் இடம்) ஒரு முன்மொழிவாக வைத்து, கருத்துச் சொல்லக் காலக்கெடு கொடுங்கள். அதே முன்மொழிவில் இறுதி முடிவை எடுக்கும் இரண்டு அல்லது மூன்று பேரின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். நிரலின் ஒரு சிக்கலான பகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தயங்குபவர்கள்கூட, பொத்தானின் நிறத்தைப் பற்றித் தயங்காமல் எழுதுவார்கள். எழுதுவது அவர்களின் உரிமைதான். ஆனால் யார் முடிவெடுப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் அந்த விவாதம் மாதக்கணக்கில் நீண்டு, வேலையை முன்வந்து ஏற்ற வடிவமைப்பாளர் சோர்ந்து விலகிவிடுவார். பல திட்டங்களில் மறுவடிவமைப்பு பாதியில் நின்றுபோவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

வடிவமைப்பாளரை வெளியாள் போல நடத்துவதும் இதே விளைவைத் தரும். முடிந்த படங்களை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்படி அவரிடம் எதிர்பார்க்காமல், நிரல் பங்களிப்பாளருக்குக் கொடுக்கும் அதே உரிமைகளையும் அதே அங்கீகாரத்தையும் அவருக்கும் கொடுங்கள். அவருடைய ஓவியக் கோப்புகளும் களஞ்சியத்துக்குள் வர வேண்டும். அவை திறந்த வடிவத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

முகவரிகளின் கணக்கெடுப்பு

இந்த வேலையில் மிகவும் சலிப்பூட்டுவதும் மிகவும் முக்கியமானதும் இந்தப் படிதான். இப்போதுள்ள தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு விரிதாளில் திரட்டுங்கள். இணைப்புகளைத் தொடர்ந்து சென்று பட்டியலிடும் கருவி ஒன்று பெரும்பகுதியைத் தந்துவிடும்; ஆனால் தளத்துக்குள் எங்கிருந்தும் இணைக்கப்படாத பக்கங்கள் அதில் சிக்காது என்பதால், சர்வர் பதிவுகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பதிவாகியிருக்கும் முகவரிகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே, அதை அப்படியே வைப்பதா, வேறொரு பக்கத்தோடு சேர்ப்பதா, காப்பகத்துக்கு அனுப்புவதா, நீக்குவதா என்ற முடிவை எழுதுங்கள்.

சாதாரண நிறுவனத் தளத்துக்கு இவ்வளவு போதும். மென்பொருள் திட்டத்துக்குப் போதாது. ஏனெனில் உங்கள் தளத்தின் முகவரிகள் உங்கள் மென்பொருளுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. உதவி மெனு திறக்கும் பக்கம், பிழைச் செய்தியில் "மேலும் அறிய" என்று வரும் இணைப்பு, கையேட்டுப் பக்கத்தின் அடியில் உள்ள முகவரி, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் கோப்பு, கட்டளை வரியிலிருந்து நேரடியாகப் பெற்று இயக்கப்படும் நிறுவல் ஸ்கிரிப்ட், அமைவுக் கோப்புகள் சுட்டும் ஸ்கீமா (வடிவ வரையறை) ஆகியவற்றை நிரலின் களஞ்சியத்தில் உங்கள் டொமைன் பெயரைத் தேடியே கண்டறிந்துவிடலாம். லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளின்) பொதி விவரங்களிலும், பைபிஐ, என்பிஎம் போன்ற பொதிக் களஞ்சியங்களிலும் உங்கள் முகப்பின் முகவரி தனியே பதிவாகியிருக்கும். இன்று நீங்கள் நிரலில் அதைத் திருத்தினாலும், நீண்டகால ஆதரவுள்ள டிஸ்ட்ரோக்களில் இருக்கும் பழைய பதிப்பு ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பழைய முகவரியையே நாடிக்கொண்டிருக்கும்.

மென்பொருளுக்குள் எழுதப்பட்ட முகவரி எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு உலகளாவிய வலைச் சேர்த்தியமான டபிள்யூ3சியின் அனுபவம் நல்ல சான்று. எச்டிஎம்எல் ஆவணங்களின் தலைப்பில் அடையாளத்துக்காக எழுதப்படும் டிடிடி (ஆவண வகை வரையறை) கோப்பு முகவரிகளை எண்ணற்ற நிரல்கள் ஒவ்வொரு முறையும் தேவையின்றிப் பதிவிறக்கிக்கொண்டிருந்ததால், நாளொன்றுக்கு 13 கோடி வரையிலான கோரிக்கைகள் தன் சர்வர்களுக்கு வருவதாக 2008-ல் அந்த அமைப்பு முறையிட்டது. உங்கள் திட்டத்தின் அளவு சிறியதாக இருக்கலாம், இயல்பு இதுவேதான். ஆகவே தளத்தின் முகவரிகளை ஒரு ஏபிஐ போல, அதாவது பிற நிரல்கள் நம்பி இயங்கும் இடைமுகம் போலக் கருதுங்கள். அவற்றைச் சேர்க்கலாம், வழிமாற்றலாம்; காரணமின்றி உடைக்கக் கூடாது.

வழிமாற்று அமைப்பதில் கவனிக்க வேண்டியவை சில. நிரந்தரமாக இடம் மாறிய பக்கத்துக்கு 301 அல்லது 308 குறியீட்டைப் பயன்படுத்துங்கள். 302 தற்காலிக மாற்றத்துக்கு உரியது. வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 குறியீடு பொருத்தமானது. நீக்கிய எல்லாப் பக்கங்களையும் முகப்புக்குத் திருப்பிவிடும் வழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பிழைக் குறியீட்டுக்கான விளக்கத்தைத் தேடி வந்தவருக்கு முகப்புப் பக்கம் எந்தப் பயனும் தராது, தேடுபொறிகளும் அத்தகைய வழிமாற்றைக் காணாமல்போன பக்கமாகவே கருதக்கூடும். முகவரியின் இறுதியில் # குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்கு அனுப்பப்படுவதே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எனவே நீண்ட பக்கமொன்றின் உட்பகுதியைச் சுட்டும் இணைப்புகளைச் சர்வரின் வழிமாற்று விதிகளால் காப்பாற்ற முடியாது. புதிய பக்கத்திலும் அந்தத் தலைப்புகளுக்குப் பழைய அடையாளப் பெயர்களையே வைத்திருப்பதுதான் வழி. புதிய தள உருவாக்கி தலைப்புகளின் அடையாளப் பெயர்களை வேறு விதியின்படி உண்டாக்கினால், ஆவணங்களைச் சுட்டும் ஆயிரக்கணக்கான வெளி இணைப்புகள் ஓசையின்றிப் பயனற்றுப் போகும்.

செய்திப் பகுதிக்கு ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் ஓடை (புதிய பதிவுகளைச் சந்தாதாரர்களின் வாசிப்பானுக்குத் தரும் கோப்பு) இருந்தால், அதன் முகவரியோடு ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியையும் மாற்றாமல் கொண்டுவர வேண்டும். குறி மாறினால், பல ஆண்டுப் பதிவுகள் அனைத்தும் சந்தாதாரர்களின் வாசிப்பானில் ஒரே நாளில் புதியவையாக வந்து குவியும்.

முகப்பு எதற்குப் பதில் சொல்ல வேண்டும்

முகப்புக்கு வருபவர்களில் ஒருவர் இந்த மென்பொருள் தமக்கு ஏற்றதா என்று எடைபோடுகிறார். இன்னொருவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டு நிறுவும் வழியைத் தேடுகிறார். நெடுநாள் பயனரோ ஆவணங்களுக்கான இணைப்பை மட்டும் நாடி வருகிறார். பங்களிக்க விரும்புபவர், பொதி செய்பவர், பாதுகாப்பு ஆய்வாளர் ஆகியோர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் திட்டம் உயிரோடு இருப்பது இவர்களால்தான். இவர்களில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதை முடிவுசெய்வதே முகப்பின் வடிவமைப்பு.

முதல் வாக்கியத்தில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். "வேகமான, எளிமையான, ஆற்றல்மிக்க தீர்வு" என்ற வரியை எந்தத் திட்டத்தின் முகப்பில் வைத்தாலும் பொருந்தும். அதனாலேயே அது எதையும் சொல்வதில்லை. "பெரிய சிஎஸ்வி கோப்புகளை நினைவகத்தில் முழுமையாக ஏற்றாமல் வடிகட்டவும் இணைக்கவும் உதவும் கட்டளை வரிக் கருவி" என்பது போன்ற வாக்கியம், தேவையுள்ளவரை நிறுத்துகிறது, தேவையற்றவரை உடனே விடுவிக்கிறது. அதற்கு அடுத்ததாக, எந்த இயங்குதளங்களில் இயங்கும், எந்த உரிமத்தில் வெளியாகிறது, கடைசிப் பதிப்பு எது, அது எந்த நாளில் வெளியானது என்பவை ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கடைசி வெளியீட்டின் தேதி, திட்டம் இன்னும் பராமரிக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு நேரடியான பதில். அந்த எண்ணையும் தேதியையும் யாரோ ஒருவர் கையால் மாற்றும்படி விடாமல், வெளியீட்டுச் செயல்முறையே அவற்றை உருவாக்கும்படி அமைத்துவிடுங்கள்.

நிரலாக்க நூலகமாக இருந்தால் சிறிய நிரல் மாதிரியும், திரையில் இயங்கும் செயலியாக இருந்தால் உண்மையான திரைப்பிடிப்பும் முகப்பில் இருக்கட்டும். ரஸ்ட் நிரலாக்க மொழியின் தளம் 2018 டிசம்பரில் முழுமையாக மாற்றப்பட்டபோது, பழைய முகப்பில் இருந்த நிரல் மாதிரி இல்லாமல் போனது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. புதிய பார்வையாளர்களை வரவேற்கும் நோக்கம் நல்லதுதான். இருந்தாலும் ஒரு மொழியைத் தேடி வரும் நிரலாளர் முதலில் பார்க்க விரும்புவது அந்த மொழியின் முகத்தை அல்லவா? விளக்கப்படங்களால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

பதிவிறக்கப் பக்கம்

தளத்தில் மற்ற எந்தப் பக்கத்தில் பிழை நேர்ந்தாலும் பயனரின் நேரம் வீணாகும். இந்தப் பக்கத்தில் நேர்ந்தால் அவருடைய கணினியே பிறர் கைக்குப் போய்விடும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்புக்கான பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு (ரகசிய நுழைவழி) பொதிந்த வேறொரு ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் காணொளிகளை வேறு வடிவுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் திட்டத்தின் மாற்றுப் பதிவிறக்கச் சர்வர் ஒன்றில் மேக் கணினிகளுக்கான கோப்பு தீங்குநிரலோடு மாற்றிவைக்கப்பட்டது. இரண்டிலும் மூல நிரலில் எந்தக் குறையும் இல்லை. பயனரிடம் அது சென்று சேரும் வழியே கெடுக்கப்பட்டது.

ஆகவே மறுவடிவமைப்பைச் சாக்காக வைத்து இந்தப் பக்கத்தை இறுக்கிக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறி) கொடுப்பது தேவைதான். ஆனால் கோப்பும் செக்சமும் ஒரே சர்வரில் இருந்தால், ஒன்றை மாற்ற முடிந்தவர் இன்னொன்றையும் மாற்றிவிடுவார். வெளியீட்டுக் கோப்புகளைப் பராமரிப்பாளரின் திறவுகோலால் கையொப்பமிட்டு, சரிபார்க்கும் கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டும்படி பக்கத்திலேயே தந்து, அந்தத் திறவுகோலின் அடையாளத்தைத் தளத்துக்கு வெளியே வேறோரிடத்திலும் பதிந்துவையுங்கள். பழைய, பலவீனமான செக்சம் முறைகளான எம்டி5, எஸ்எச்ஏ-1 ஆகியவற்றை மட்டும் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

பார்வையாளரின் இயங்குதளத்தைக் கண்டறிந்து உரிய பொத்தானைக் காட்டுவது வசதியானது. ஆனால் மற்ற கோப்புகளை மறைத்துவிடாதீர்கள்; ஒரு கணினியில் பதிவிறக்கி இன்னொன்றில் நிறுவுபவர்கள் ஏராளம். பழைய பதிப்புகளுக்கான இணைப்பும் இருக்கட்டும். பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்க, 2022-ல் ஆர்எஃப்சி 9116 என்ற எண்ணில் வெளியான வரைமுறைப்படி சிறிய உரைக் கோப்பு ஒன்றைத் தளத்தில் வைக்கலாம். தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும் மட்டுமே அதில் கட்டாயம் என்பதால், சில நிமிடங்களில் முடியும் வேலை அது.

ஆவணங்கள்

ஆவணங்களை மறுவடிவமைப்போடு சேர்த்துத் திருத்தி எழுத முற்படாதீர்கள். இரண்டும் தனித்தனிப் பெரிய வேலைகள். ஒன்றாகச் செய்தால் இரண்டும் முடியாது. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, இருக்கும் ஆவணங்களை அவற்றின் தன்மைக்கேற்பப் பிரித்து அடுக்குவது மட்டுமே. புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சி, குறிப்பிட்ட வேலையைச் செய்துமுடிக்கும் வழிமுறை, முழுமையான உசாத்துணை, பின்னணியை விளக்கும் கட்டுரை ஆகிய நான்கும் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மனநிலையில் படிக்கப்படுபவை. பைத்தானில் இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ திட்டத்தின் ஆவணங்கள் இந்தப் பிரிவினையை ஏறத்தாழ இதே வடிவில் பின்பற்றுகின்றன. முன்மாதிரியாகக் கொள்ளத் தகுந்தவை.

பதிப்புகளைக் கையாள்வதில் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் காட்டும் வழி சிறப்பானது. ஒவ்வொரு பதிப்பின் ஆவணமும் தன் பதிப்பு எண்ணைத் தாங்கிய நிலையான முகவரியில் இருக்கிறது. அதோடு எப்போதும் நடப்புப் பதிப்பையே காட்டும் பொது முகவரியும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதே பக்கத்தின் பிற பதிப்புகளுக்கு இணைப்பு உண்டு. தேடுபொறி வழியாக ஐந்தாண்டுப் பழைய ஆவணத்தில் வந்து இறங்கியவர் ஒரே சொடுக்கில் தமக்குரிய பதிப்புக்குப் போய்விடலாம். பழைய பக்கங்களில், நடப்புப் பக்கமே முதன்மையானது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறியையும் சேர்த்துவிடுங்கள்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

எந்தத் தள உருவாக்கி சிறந்தது என்ற விவாதம் முடிவற்றது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது உற்சாகத்தோடு வேலை செய்பவர் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திட்டத்தில் இல்லாதபோது, எஞ்சியிருப்பவர்களால் இந்தத் தளத்தைத் திருத்தி வெளியிட முடியுமா? பைத்தான் திட்டத்தின் பராமரிப்பாளர்களுக்கு ஸ்ஃபிங்ஸ் பழக்கமானது; கோ மொழியில் எழுதப்பட்ட ஹ்யூகோ ஒரே இயங்கு கோப்பாகக் கிடைப்பதால் யாருடைய கணினியிலும் சிக்கலின்றி ஓடும்; ரியாக்ட் தெரிந்த குழுவுக்கு டாக்யுசாரஸ் இயல்பாக இருக்கும். குழுவில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கருவி, அதன் திறன் எதுவாயினும், உகந்ததல்ல. செய்திகளும் ஆவணங்களும் மட்டுமே கொண்ட தளத்துக்குத் தரவுத்தளமும் நிர்வாகப் பலகையும் தேவையில்லை; தொடர்ந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் கோரும் மென்பொருளை, கவனிக்க ஆளில்லாத சர்வரில் வைப்பது ஆபத்து.

இடவசதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் வரம்புகளைப் படித்துவிடுங்கள். கிட்ஹப் பேஜஸ் வெளியிடும் தளத்தின் அளவு 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. மாதத்துக்கு 100 ஜிபி என்ற போக்குவரத்து வரம்பும் உண்டு. அதைவிட முக்கியமாக, அங்கே சர்வர் நிலையில் உங்கள் விருப்பப்படி 301 வழிமாற்று விதிகளை எழுத வழியில்லை. பக்கம் திறந்த பிறகு உலாவியை வேறிடத்துக்கு அனுப்பும் சிறிய எச்டிஎம்எல் பக்கங்களைத்தான் வைக்க முடியும். நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்றவை வழிமாற்றுகளை ஒரு உரைக் கோப்பில் எழுத அனுமதிக்கின்றன. நூற்றுக்கணக்கான முகவரிகள் மாறப்போகின்றன என்றால் இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கும்.

ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் முன்மொழிவு) தளத்தின் முன்னோட்டம் தானாக உருவாகும்படி அமையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இந்தப் பக்கத்தைத் திருத்துக" என்ற இணைப்பு இருக்கட்டும். ஓர் எழுத்துப்பிழையைக் கண்டவர், கணினியில் எதையும் நிறுவாமல் உலாவியிலிருந்தே அதைத் திருத்தி அனுப்ப முடிய வேண்டும். திட்டத்துக்குப் பலரின் முதல் பங்களிப்பு இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

வெளியிலிருந்து ஏற்றப்படும் எழுத்துருக்களையும் ஸ்கிரிப்ட்களையும் தவிர்த்து, தேவையானவற்றை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். 2024 ஜூனில், பழைய உலாவிகளுக்கு உதவும் ஸ்கிரிப்ட்டை வழங்கிவந்து, வேறொருவர் கைக்கு மாறியிருந்த பாலிஃபில் ஐஓ டொமைனிலிருந்து தீங்குநிரல் பரிமாறப்பட்டபோது, அந்த ஸ்கிரிப்ட்டை நம்பி இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்துக்கு உள்ளானதாக அறிவிக்கப்பட்டது. எழுத்துருக்களிலும் தனியுரிமைச் சிக்கல் உண்டு. கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை ஏற்றியதால் பார்வையாளரின் ஐபி முகவரி ஒப்புதலின்றி வெளியே சென்றது என்று கூறி, ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில் 100 யூரோ இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தோற்றமும் அணுகல்தன்மையும்

இவ்வளவுக்குப் பிறகுதான் தோற்றம். இது அற்பமானது என்பதற்காக அல்ல, மேற்சொன்னவை முடிவாகாமல் தோற்றத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்காக. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை வரையறையின் ஏஏ (நடுத்தர) நிலையைக் குறைந்தபட்ச இலக்காகக் கொள்ளுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற மாறுபாடும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற மாறுபாடும், சொடுக்கும் இடங்களுக்கு 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் அளவும் அதில் கோரப்படுகின்றன. தானியங்கிச் சோதனைகள் குறைகளில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும் என்பதால், சுட்டியை ஒதுக்கிவைத்து விசைப்பலகையால் மட்டும் தளத்தை ஒருமுறை சுற்றிவாருங்கள். திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத நிலையிலும் ஆவணத்தைப் படிக்கவும் கோப்பைப் பதிவிறக்கவும் முடிய வேண்டும். உடைந்துபோன வரைகலைச் சூழலைச் சரிசெய்ய, உரை உலாவியில் உங்கள் நிறுவல் பக்கத்தைத் திறப்பவர் உண்மையாகவே இருக்கிறார்.

மொழிபெயர்ப்புகள்

பழைய தளம் பத்து மொழிகளில் இருந்து, புதிய தளம் ஆங்கிலத்தில் மட்டும் வெளியானால், பல ஆண்டுகளாகத் தன்னார்வத்தில் உழைத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. மேலே சொன்ன ரஸ்ட் தளத்தின் வெளியீட்டில் மொழிபெயர்ப்புகள் பிறகே வந்து சேர்ந்தன. இதைத் தவிர்க்க, உரைகளை வார்ப்புருக்களிலிருந்து தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் மூல உரையை உறையவைத்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கு அறிவித்து, வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவியில் அவர்களின் பழைய உழைப்பில் பொருந்துவதையெல்லாம் முன்கூட்டியே நிரப்பிக் கொடுங்கள். மொழிகளைக் கொடிகளால் குறிக்காமல், ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியிலேயே எழுதுங்கள். எந்தப் பக்கமாயினும் அதன் மொழிக் குறி சரியாக இருக்க வேண்டும். திரைவாசிப்பான் எந்த மொழியின் ஒலியில் படிப்பது என்பதை அதை வைத்தே தீர்மானிக்கிறது.

வெளியீடு

புதிய தளத்தைத் தற்காலிக முகவரியில் வைத்து, தேடுபொறிகள் அதைப் பட்டியலிடாதபடி தடைசெய்து, சில வாரங்கள் திட்டத்தினர் அனைவரும் பயன்படுத்தும்படி செய்யுங்கள். அந்தத் தடையை வெளியீட்டு நாளில் நீக்க வேண்டும் என்பதைச் சரிபார்ப்புப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள். கணக்கெடுப்பில் திரட்டிய பழைய முகவரிகள் அனைத்தையும் உள்ளீடாகக் கொண்டு, ஒவ்வொன்றும் சரியான இடத்துக்கு ஒரே தாவலில் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, தொடர் ஒருங்கிணைப்புச் சோதனைகளோடு (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக இயங்கும் சோதனைகள்) சேர்த்துவிடுங்கள். அதன்பின் யார் எதை மாற்றினாலும் உடைந்த முகவரி உடனே தெரிந்துவிடும்.

டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன் பெயர் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது என்று சொல்பவை) மாற்றப் போகிறீர்கள் என்றால், பிற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் காலத்தை ஓரிரு நாட்களுக்கு முன்பே குறைத்துவையுங்கள். சிக்கல் ஏற்பட்டால் விரைவில் பழைய தளத்துக்குத் திரும்பலாம். மென்பொருளின் பெரிய வெளியீட்டு நாளில் தளத்தையும் மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அன்றுதான் கூட்டம் அதிகம் வரும், அன்றுதான் பராமரிப்பாளர்களுக்கு நேரமே இருக்காது.

முதல் மாதத்தில் 404 பதிவுகளை வாரந்தோறும் பாருங்கள். கணக்கெடுப்பில் தப்பிய முகவரிகள் அங்கே வந்து நிற்கும். ஒவ்வொன்றாக வழிமாற்றுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். "பழையதே நன்றாக இருந்தது" என்ற கருத்துகள் நிச்சயம் வரும். அவற்றில் பழக்கத்தின் வருத்தமும் உண்மையான குறையும் கலந்திருக்கும் என்பதால், எந்த வேலையைச் செய்யக் கடினமாக இருக்கிறது என்று பொறுமையோடு திருப்பிக் கேளுங்கள். பதிலில் ஒரு வேலையின் பெயர் வந்தால் அதை வழுவாகப் பதிவு செய்யுங்கள்.

டொமைன் பெயரையே மாற்றியிருந்தால் இன்னொரு கடமை எஞ்சுகிறது. கட்டளை வரியிலிருந்து தரவைப் பெற உதவும் கர்ல் திட்டம் 2020-ல் தன் நீண்டகால முகவரியை விட்டுப் புதிய குறும்பெயருக்கு மாறியபோது, பழைய இணைப்புகள் புதிய இடத்துக்கு வழிமாற்றப்பட்டன. நீங்களும் அவ்வாறே செய்து, பழைய டொமைனின் பதிவைக் காலவரையின்றிப் புதுப்பித்துவாருங்கள். அந்தப் பதிவு காலாவதியானால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அந்த முகவரியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய நிறுவல்களுக்கு, வாங்கியவர் வைக்கும் கோப்பே பதிலாகப் போகும். புதுப்பிப்புக்கான நினைவூட்டல் ஒரே ஒருவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் வராமல், குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்களுக்காவது வரும்படி இன்றே மாற்றிவையுங்கள்.